சாருக்குத் தெரியும்

பேஷண்ட் பெயர் என்ன என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கேட்டபோது தாண்டவமூர்த்தி 'பாய்' என்றார். சொன்ன வேகத்திலேயே அது பெயர் இல்லை என்பது அவருக்கும் உறைத்தது, அந்தப் பெண்ணுக்கும் உறைத்தது. "பாய்னா? முழுப் பேரு சொல்லுங்க சார்" என்று கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார். அந்த வாய் இப்படி ஒருநாளும் சும்மா திறந்ததில்லை. திறந்தால் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் சரக்கு இறங்கும். இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. நீங்க அவருக்கு என்ன வேணும் என்று கேட்டாள். சிநேகிதர் என்றார். பத்துப் பதினோரு வருஷமா தினமும் காலையில மைதானத்துல ஒண்ணாத்தான் நடப்போம், ஒரே பெஞ்சு, ஒரே டீக்கடை என்று அடுக்கிக்கொண்டே போனவர், ஒவ்வொரு வார்த்தையும் தனக்கெதிராகவே சாட்சி சொல்லுவதைப் பாதியில்தான் கவனித்து நிறுத்தினார். அவள் கீபோர்டில் ஏதோ தட்டினாள். ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தேவலை. சற்று நேரத்தில் பிரிண்டரிலிருந்து ஒரு சின்னப் பட்டை வெளியே வந்தது. பெயர் தெரியாதவர், ஆண். நர்ஸ் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், கையில் கட்டுவதற்கு. பாயின் கையில், வாட்ச் கட்டுகிற இடத்துத் தழும்புக்குப் பக்கத்தில். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்பது தாண்டவமூர்த்திக்குத் தெரியும். சர்க்கரை இல்லாத டீ தெரியும், இடது முழங்கால் வலி தெரியும், ஜங்ஷனில் செருப்புக் கடை வைத்திருந்து மகன் துபாய்க்குப் போனபிறகு மூடியது தெரியும். பெயர்தான் தெரியாது.

சுவரோரம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பாயின் சட்டை, தொப்பி, மூக்குக் கண்ணாடி, செல்போன். பொழுது விடிந்து நன்றாக வெயில் ஏறாத நேரத்தில்தான் அது நடந்தது. மூன்றாவது சுற்று முடிந்து பெஞ்சுக்கு வந்ததும் பாய் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "சார், ஒரு நிமிஷம்" என்றார். தாண்டவமூர்த்தி அப்போது பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று இப்போது யோசித்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம். சாவி என்ற சொல் போர்த்துக்கீசியர் கப்பலில் நம்மூருக்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் என்ற பாய்க்கு அவர் ஒரு நிமிஷம்கூடக் கொடுக்கவில்லை, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். பாய் பெஞ்சிலிருந்து ஒருபக்கமாகச் சரிந்திருந்தார். பிறகு ஆட்டோ, பிறகு இந்த ஆஸ்பத்திரி. சரி, நிதானமாக யோசிப்போம். காதர். இல்லை. சாகுல். இல்லை. மைதீன்? ஜமால்? ஒவ்வொரு பெயராக எடுத்துப் பாயின் முகத்தில் வைத்துப் பார்த்தார், ஜவுளிக் கடையில் சட்டையை மேலே வைத்துப் பார்ப்பதுபோல. எதுவும் சேரவில்லை, எல்லாமும் சேர்ந்தது. ஐந்தாறு பெயருக்குமேல் அவருக்கு நினைவுக்கு வரவும் இல்லை. பிறந்து வளர்ந்தது இதே ஊர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேலப்பாளையம், அத்தனை ஆயிரம் முஸ்லிம்கள், அவர் கையில் இருப்பது ஐந்தாறு பெயர். கடைப் பலகையில் பெயர் இருந்ததோ? நியூ பேஷன் காலணியகம். கீழே உரிமையாளர் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி நினைவில் மங்கலாக ஒரு பச்சைக் கோடாக மட்டும் வந்தது. தன் பாட்டுக்குப் பலகையில் இருந்த எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தவருக்கு அந்த வரி எப்படித் தெரியும்?

சொல் என்றால் அவருக்கு உயிர். ஊருக்கே தெரியும். வங்கியில் ஆபீசராக இருந்து ஊர் ஊராகத் தூக்கியடிக்கப்பட்டவர். ஹூப்ளி, நாக்பூர், பனாஜி. மற்றவர்கள் மாற்றலானால் சாமான் சேர்ப்பார்கள், இவர் சொல் சேர்த்தார். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு சேர்த்ததையெல்லாம் கொட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. மைதானம் கிடைத்தது, பெஞ்சு கிடைத்தது, கேட்பதற்குப் பாய் கிடைத்தார். அவரிடமிருந்த சரக்கிலேயே கனமானது பாய் என்ற சொல்தான். எத்தனை தடவை சொல்லியிருப்பார்! தமிழில் பாய் என்றால் படுக்கிறது, கப்பலில் கட்டினால் காற்றைப் பிடிக்கிறது. வடக்கே போனால் அண்ணன் தம்பி. நாக்பூரில் அதையே கொஞ்சம் மெதுவாகச் சொன்னால் பொம்பளை, வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளை அப்படித்தான் கூப்பிடுவோம். ஹூப்ளியில் வாய். கோவாவில் ஒரு கிழவி தன் தகப்பனாரைப் பாய் என்றுதான் சொன்னாள், போர்த்துக்கீசியப் பழக்கம். ஆபீசில் மணி அடித்தால் ஓடி வருகிறவன் பாய், அது இங்கிலீஷ். தாய்லாந்துக்காரன் பாய் என்றால் போ என்று அர்த்தம். ஒரு சொல்தான், ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை, எப்படி இருக்கு பார்த்தீர்களா என்று முடிப்பார். கல்யாண வீட்டில், பென்ஷன்காரர் சங்கத்தில், ரயிலில். முடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் பாய் இருந்தால் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "இதோ இருக்காரு நம்ம பாய்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பாயும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்துப் பார்த்தார். அதில் ஏதாவது இருந்ததா? இருந்திருக்கும். இருந்திருந்தாலும் பார்க்கிற கண் அப்போது இல்லை. இத்தனை மொழியில் அர்த்தம் தெரிந்தவருக்கு அந்தச் சொல் உட்கார்ந்திருந்த ஆளின் பெயர் தெரியவில்லை. ஊருக்கு ஊர் போய்ச் சொல் பொறுக்கியவன், பக்கத்து ஆளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செண்பகம் ஒருமுறை கேட்டாள். அவர் மனைவி. பாய் வீட்டு நோன்புக் கஞ்சி வந்த தூக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, "அவுக பேரென்ன?" என்றாள். பாய்தான், வேறென்ன என்றார் இவர். "பாய்னு ஒரு பேரா? உங்கள யாராச்சும் இந்துன்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்?" என்றாள். அவர் அதற்கு என்ன பதில் சொன்னார்? சிந்து இந்துவான கதையைச் சொன்னார். அவள் சட்டியில் வாழைப்பழம் போட்டுக் கொடுத்தனுப்பினாள், வெறுஞ்சட்டியாகத் திருப்பக் கூடாது என்று. அவள் இறந்த அன்று முதலில் வந்தது பாய். வாசலில் நின்றுகொண்டு, செண்பகத்தக்கா போயிட்டாவளா என்று கேட்டார், பெயரைச் சொல்லித்தான் கேட்டார். சுடுகாடு வரைக்கும் வந்தார், ஓரமாக நின்றார், திரும்பும்போது இவர் செருப்பு காணாமல் போய்விட, தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். செருப்புக் கடைக்காரரே வெறுங்காலோடு போறாரே என்று யாரோ சொன்னார்கள். அப்போதாவது கேட்டிருக்கலாம். அப்போது கேட்க வெட்கமாக இருந்தது. நாலைந்து வருஷம் பழகிய பிறகு உங்கள் பேரென்ன என்று எப்படிக் கேட்பது என்று தள்ளிப்போட்டார், தள்ளிப்போடப் போட வருஷம் ஏறியது, ஏற ஏறக் கேட்கவே முடியாமல் போயிற்று. இப்போது பதினோரு வருஷம். பாய் உள்ளே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார். நாம் என்ன வேண்டிக்கொள்ள வேண்டும்? அவர் பிழைக்க வேண்டும் என்றுதானே? தாண்டவமூர்த்தி தன் மனசைப் பிடித்து நிறுத்திப் பார்த்தார். அது வேறொன்றை வேண்டிக்கொண்டிருந்தது. பாய் வீட்டு ஆள் வருவதற்குள் எப்படியாவது பெயர் தெரிந்துவிட வேண்டும், தெரியாதென்பது யாருக்கும் தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டபோது அவருக்கு உடம்பு கூசியது. பையிலிருந்த தொப்பியைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தன் போனை எடுத்தார். பாய் மைதானம் என்று போட்டு வைத்திருந்த நம்பரை அழுத்தினார். யாராவது எடுத்தால் மெல்லப் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான், வேறு யோசனை ஓடவில்லை. மடியிலிருந்த பை அதிர்ந்தது. அட மடையா. பாயின் போன் இங்கேதானே இருக்கிறது. பிளாஸ்டிக்கின் வழியாகத் திரை தெரிந்தது. ஆ. தாண்டவமூர்த்தி சார், ஸ்டேட் பாங்க் காலனி. இனிஷியலோடு. தமிழில், துணையெழுத்து ஒன்றுகூடப் பிழையில்லாமல். அவர் கண்ணெதிரே அவர் பெயர் மின்னிக்கொண்டே இருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை. தானாகவே ஓய்ந்தது. ஓய்ந்த மறுகணம் மறுபடி அடித்தது. இந்தமுறை ஜுலைகா. பாயின் மகள். பேரப்பிள்ளைகளோடு மேலப்பாளையத்தில் பாய் கூடவே இருக்கிறவள். எடுத்தார்.

"வாப்பா, எங்க நிக்கிய? தோசை ஆறிப் போச்சு."

"நான்... வாப்பாவோட..."

"தாண்டவமூர்த்தி மாமாவா?" குரல் மாறிவிட்டது. "வாப்பாவுக்கு என்ன மாமா?"

சொன்னார். பயப்படாதே, மயக்கம்தான், டாக்டர் பாக்காங்க என்றார். ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னார், வழி சொன்னார். இந்தா வந்துட்டேன் மாமா என்றாள். கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் எழுந்து நின்று, "அவங்க வீட்டு ஆளா சார்? பேரு கேளுங்க, பேரு" என்றாள். நன்றாகக் கேட்டது. கேட்காத மாதிரி பாதி முதுகைக் காட்டினார். "யாரோ என்னமோ கேக்காவளே மாமா" என்று போனில் ஜுலைகா சொன்னாள். ஒண்ணுமில்லம்மா, நீ வா என்று சொல்லிப் போனை அணைத்தார். "லைன் கட்டாயிட்டு" என்றார் கண்ணாடியைப் பார்த்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எழுபத்திரண்டு வயதில். அந்தப் பெண் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அப்படித் தன்னை யாரும் இதற்குமுன் பார்த்ததில்லை என்று அவருக்குப் பட்டது.

மறைத்துவிட்டோம் என்று இரண்டு நிமிஷம்கூட நிம்மதி இல்லை. டாக்டர் வெளியே வந்துவிட்டாள். சின்னப் பெண், மகள் வயதுகூட இருக்காது. "ஐயா, ஈ.சி.ஜி.யில ஒரு மாற்றம் இருக்கு. ரொம்ப நாளா இருக்கிறதா, இன்னைக்கு வந்ததான்னு தெரிஞ்சா சிகிச்சையை முடிவு பண்ண உதவும். இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்திருக்காரா?" பார்த்திருக்கிறார். இங்கேயேதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் எரிச்சல் என்று வந்து எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுப் போய், மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்து, ஒண்ணுமில்லைன்னுட்டாவ சார் என்றார். இங்கேதான் பார்த்தார் என்று சொன்னார் தாண்டவமூர்த்தி. டாக்டர் முகம் தெளிந்தது. "அப்பம் கவலையில்லை, பேரைச் சொன்னா கம்ப்யூட்டர்ல கெடைச்சிரும்." அவர் தரையைப் பார்த்தார். "மகள் வந்துக்கிட்டிருக்கா." எவ்வளவு நேரமாகும்? ஆத்துப் பாலம் தாண்டி வரணும் என்றார். இந்த நேரத்துல பாலத்துல நகர முடியாதே என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் பாயின் போனைக் கையில் எடுத்துக்கொண்டார். பூட்டியிருந்தது. அடிக்கட்டும், இந்தமுறை முதல் வார்த்தையே அதைத்தான் கேட்பேன், அடிக்கட்டும். அது அடிக்கவில்லை. ஜுலைகா ஆட்டோவில் இருப்பாள், பாலத்தில் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள், மாமா கூட இருக்காங்க என்று தைரியமாக இருப்பாள். மாமா. பாலத்து நெரிசல், டீசல் புகை, கீழே ஆறு. ஒருவேளை பாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால்? மேலப்பாளையத்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இன்ன தெருவைச் சேர்ந்த இன்னார் மவுத்தாகிவிட்டார்கள் என்று அறிவிப்பார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நின்று அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளப் போகிறோமா? அப்படித் தெரிந்துகொண்டு, ஓகோ இதுதான் பெயரா என்று அதற்கும் வேர்ச்சொல் பார்ப்போமா? பார்ப்போம். நம்மைப் பற்றி நமக்குத் தெரியும். பாய் என்றால் கன்னடத்தில் வாய். சரியாகத்தான் இருக்கிறது, பதினோரு வருஷமாக அந்தப் பெஞ்சில் இருந்தது ஒரு வாயும் ஒரு காதும்தான். பாய் பேசியதில்லையா? பேசியிருப்பார். முதல் நாள். முதல் நாள் என்ன நடந்தது? மழை விட்ட காலை. பெஞ்சு ஈரம். இவர் உட்கார யோசித்தபோது அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் துடைத்தார், உட்காருங்க சார் என்றார். நான் தாண்டவமூர்த்தி, பாங்க்ல இருந்து ரிட்டயர்ட் என்றார் இவர். அவர் நெஞ்சில் கை வைத்தார். வாய் அசைந்தது. என்ன சொன்னார்? அந்த இடத்தில் நினைவு முள்ளில் மாட்டிய துணி மாதிரி நின்றது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. அதற்குமேல் தன் குரல் ஏறிவிட்டது: பாய்னே கூப்பிடறேனே, பாய்க்கு எத்தனை மொழியில எத்தனை அர்த்தம் தெரியுமா உங்களுக்கு?

"சார், நீங்கதான பாய் கூட வந்தது?" நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். "கண்ணு முழிச்சாரு. பேரு கேட்டேன். சாருக்குத் தெரியும், சார்ட்ட கேளுங்கன்னாரு, அப்படியே கண்ண மூடிட்டாரு. டாக்டர் அவசரப்படுதாவ. சொல்லுங்க சார், என்ன பேரு?"

சாருக்குத் தெரியும். தாண்டவமூர்த்தி பையோடு எழுந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். நானே கேட்டுச் சொல்லுதேன், ஒரு நிமிஷம் உள்ள விடும்மா என்றார். தானும் ஒரு நிமிஷம்தான் கேட்கிறோம் என்று தோன்றியது. நர்ஸுக்குப் புரியவில்லை, ஆனாலும் திரையை விலக்கினாள். பாய் படுத்திருந்தார். சட்டையில்லாத நெஞ்சில் ஒயர்கள், மூக்கிலும் வாயிலும் மாஸ்க், மணிக்கட்டில் அந்தப் பட்டை. பெயர் தெரியாதவர். பட்டை மேல்பக்கமாகத்தான் இருந்தது, பாய் கண்ணைத் தாழ்த்தினால் படித்துவிடலாம். தாண்டவமூர்த்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டையை மறைக்கத்தான் பிடிக்கிறோமோ என்று அப்போதும் ஒரு சந்தேகம் வந்தது, கையை எடுத்துவிட்டுக் கட்டிலின் கம்பியைப் பிடித்தார். பாய் என்று கூப்பிட்டார். வேறு எப்படிக் கூப்பிடுவது? கண் திறந்தது. அவரைக் கண்டதும் மாஸ்க்குக்குள் சிரிக்கப் பார்த்தார்.

"பாய், உங்க பேரு என்ன?"

கேட்டுவிட்டார். பாய் விளையாட்டு என்றுதான் நினைத்தார். ஏதோ புதுச் சரக்கு வருகிறது, சார் ஆரம்பித்துவிட்டார் என்று கண் சற்றுக் குறுகிக் காத்திருந்தது. சரக்கு வரவில்லை. தாண்டவமூர்த்தி வாயை மூடிக்கொண்டு நின்றார், கண்ணிலிருந்து நீர் தன்பாட்டுக்கு இறங்கியது, துடைக்கவில்லை. பாய் அவரையே பார்த்தார். விளையாட்டில்லை என்று அந்தக் கண்ணில் தெரிய வந்ததைத் தாண்டவமூர்த்தி முழுவதும் பார்த்தார், பார்க்க வேண்டியிருந்தது. பாய் கையை மெதுவாகத் தூக்கி மாஸ்க்கை விலக்கினார்.

"உதுமான்கனி" என்றார். மூச்சு வாங்கியது. "மொத நாளே சொன்னேன்லா சார். நீங்க பேசிக்கிட்டிருந்திய."

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நர்ஸ் மாஸ்க்கைத் திரும்ப வைத்தாள். தாண்டவமூர்த்தி வெளியே வந்தார். பத்தடிகூட இராத அந்த நடையில் பெயரை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார், கடைக்கு அனுப்பிய பிள்ளை சாமான் பெயரை மறந்துவிடாமல் சொல்லிக்கொண்டு போவதுபோல. உதுமான்கனி, உதுமான்கனி. கண்ணாடிக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொன்னார். அந்தப் பெண் அடித்தாள். உதுமான், பிறகு கனி. கனி என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தபோது அவருடைய நாக்கு பழக்கதோஷத்தில் எழுந்தது. தமிழில் அது பழம். அரபியில் செல்வந்தர். ரெண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும்... பல்லைக் கடித்தார். நாக்கு அண்ணத்தில் முட்டி நின்றது, பிறகு அடங்கியது.

"இருக்கு சார். ரெண்டு வருஷத்துக்கு முந்துன ஈ.சி.ஜி. இருக்கு, டாக்டருக்கு அனுப்பியாச்சு." அவள் நிமிர்ந்தாள். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா சார்? இவ்வளவு நேரம் போயிட்டே."

லைன் கட்டானதைத் திரும்பச் சொல்லலாம். பதற்றத்தில் மறந்துவிட்டது என்றும் சொல்லலாம், நம்புவாள். "எனக்குத் தெரியாதும்மா" என்றார். "போன்லயும் கேக்கல, வெக்கப்பட்டுக்கிட்டு நாந்தான் கட் பண்ணிட்டேன். பதினோரு வருஷமா அவரு பேரு எனக்குத் தெரியாது. இப்பத்தான் கேட்டேன்."

அந்தப் பெண் அவருக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினார். ஜுலைகா நின்றிருந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் பிடித்தபடி, காலில் ஜோடி சேராத செருப்போடு. பாலத்தில் இறங்கி ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு இரைத்தது. எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டவள்போல இருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். ஒருகணம் அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை, ரயிலில் எதிர் இருக்கையில் இருப்பவரைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வாப்பா எங்க இருக்காவ, மாமா?" என்றாள்.

தாண்டவமூர்த்தி வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டித் திரையைக் காட்டினார்.